அரசரின் இருதயம்

ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் என்றதும் குகையில் வலை பின்னிய சிலந்தியே பலருக்கு ஞாபகம் வரும். அக்கதை அவர் மரித்துப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்தது. மெய்யான சரித்திரம் அதைவிடப் பாரமானது.

ஆங்கிலேய மன்னன் எட்வர்டு ஸ்காட்லாந்தை அடக்கியாண்ட காலம். 1306-ம் ஆண்டு பெப்ருவரி 10-ந் தேதி, டம்பிரீஸ் பட்டணத்துப் பிரான்சிஸ்கு சபைக் கோவிலில், அரசுரிமைக்குப் போட்டியான ஜான் காமினைப் புரூஸ் கத்தியால் குத்தினார். துணைவர்கள் கொன்று தீர்த்தார்கள். காமின் துரோகி என்று சிலர் சாக்குச் சொல்வதுண்டு. பீடத்தின் முன் அந்தச் சாக்குச் செல்லுமா?

ஆறே வாரத்தில் புரூஸ் முடிசூடினார். பாப்பரசர் ஐந்தாம் கிளமெந்து அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். ஓராண்டுக்குள் தம்பிமார் மூவர் ஆங்கிலேயர் கையில் மாண்டனர். 1314-ல் பானக்பர்னில் தம்மினும் பெரிய சேனையை முறியடித்தார். 1328-ல் இங்கிலாந்து அவரைச் சுயாதீன அரசராக ஏற்றது. அவ்வருஷமே பாப்பரசர் இருபத்திரண்டாம் அருளப்பர் தண்டனையை நீக்கினார்.

ஆயினும் மனம் ஆறவில்லை போலும். எருசலேம் செல்ல விரும்பினார், வியாதி விடவில்லை. 1329-ல் மரிக்குமுன், தம் இருதயத்தையாவது கொண்டுபோகும்படி ஜேம்ஸ் டக்ளஸிடம் ஒப்புவித்தார். டக்ளஸ் அதைச் சிமிழிலிட்டுக் கழுத்தில் அணிந்து புறப்பட்டு, 1330-ல் ஸ்பெயின் தேசத்துத் தேபாவில் முகம்மதிய சேனையோடு பொருது இறந்தார். எருசலேம் சேராத அவ்விருதயம் திரும்பிவந்து மெல்ரோஸ் மடத்துக் கோவிலில் அடக்கமாயிற்று.