மாந்தரைப் படைத்த மாயூரம் முன்சீப்

திருச்சிராப்பள்ளிச் சீமையின் குளத்தூரில் 1826ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் மாவட்ட முன்சீபாக விளங்கியவர். மன்றத்தில் மாந்தரின் பொய்யையும் பூசலையும் நாள்தோறும் கேட்டவர், 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் தலைமை மாந்தரை நற்குணமே உருவாகப் படைத்தார். தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் அந்நூலின் முன்னுரையில், ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தைத் தழுவியே அவ்வாறு படைத்ததாக விளக்கமும் தந்தார்.

குறையற்ற மாந்தர் உயிரற்றுப் போவர் என்பாருண்டு. ஆயின், ஆணுடை புனைந்து அரசாளும் ஞானாம்பாள் அக்கூற்றுக்கு அடங்கவில்லை. 1869இலேயே 'பெண்மதி மாலை' இயற்றியவரின் கனவு அவளிடம் நடமாடியது.

1887இல் 'சுகுண சுந்தரி'யையும் அளித்து, 1889இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த நெறியைப் பின்வந்தோர் கடந்தனர். தம் மாந்தருக்குப் படைப்பாளியே விடைசொல்லும் மரபோ தமிழ் நாவலுக்கு அவர் தந்த கொடை.