காயம்பட்டவங்களை ஏத்தாம கிளம்பாத பைலட்

வியட்நாம் போர் பத்தி எந்தப் படம் பார்த்தாலும் ஹியூயி ஹெலிகாப்டர் ஒண்ணு வந்துடும். பெரும்பாலும் துப்பாக்கியோட, ராக்கெட்டோட வரும். ஆனா அதே ஹியூயில கதவில் சிவப்பு சிலுவை வரைஞ்சு, பொருத்தின துப்பாக்கி எதுவும் இல்லாம ஒரு சின்ன கூட்டம் பறந்துச்சு. அந்தக் கூட்டத்தோட தலைவர்தான் மேஜர் சார்ல்ஸ் கெல்லி.

கெல்லி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்காரர், 1925ல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டு காயம்பட்டவர். அடிபட்டுக் கிடக்கிறதுன்னா என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 ஜனவரியில் 57வது மெடிக்கல் டிடாச்மென்ட்டுக்கு தலைமை ஏற்க வியட்நாம் வந்தார். கையில் இருந்தது ஐந்தே ஐந்து ஹெலிகாப்டர். ரேடியோவில் அவங்க பேர் டஸ்ட் ஆஃப். கடற்படையோட கோட் புத்தகத்தில் இருந்து எடுத்த பேர் அது. இறங்கும்போது புழுதி கிளம்புறதுக்கு அது சரியா பொருந்திப் போனதுதான் வேடிக்கை.

கொரியப் போரில் காயம்பட்டவங்களை ஹெலிகாப்டருக்கு வெளியே, ஸ்கிட் மேல கட்டித்தான் தூக்கிட்டுப் போனாங்க. வழியில் ரத்தம் கொட்டினாலும் யாரும் தொட முடியாது. ஹியூயிக்கு டர்பைன் எஞ்சின், அதிக பவர், உள்ளே இடம். அதனால ஒரு மெடிக் பக்கத்திலேயே உட்கார்ந்து பறந்துகிட்டே சிகிச்சை கொடுக்க முடிஞ்சது. நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் எஞ்சின் மாத்தினா என்ன ஆகும்னு கேட்டா இதைச் சொல்லலாம்.

கெல்லிக்கு முதல் சண்டை எதிரியோட இல்ல, சொந்த மேலதிகாரியோட. பிரிகேடியர் ஜெனரல் ஸ்டில்வெல், சிவப்பு சிலுவையை கழட்டி மாட்டுற மாதிரி வெச்சுக்கலாம், ஹெலிகாப்டர்களை மத்த வேலைக்கும் எடுத்துக்கலாம்னு நினைச்சார். இருக்கிறதே கொஞ்சம் மெஷின், அதுல சில சும்மா நிக்கிறது அவருக்கு வீணா தெரிஞ்சது. கேட்டா நியாயமாத்தான் தோணும். ஆனா அடிபட்டவன் கூப்பிடுற நேரத்தில் அந்த ஹெலிகாப்டர் எங்கேயோ சரக்கு ஏத்திக்கிட்டு இருந்தா?

கெல்லி அறிக்கை எழுதிட்டு உட்காரல. மார்ச் மாசம் இரண்டு ஹெலிகாப்டர் மேக்கோங் டெல்டாவில் சாக் ட்ராங்குக்கு மாறினப்போ, சைகோன்ல இருக்காம அவரும் அங்கேயே போயிட்டார். ராத்திரி ஆனா டெல்டாவில் ஊர் ஊரா சுத்திப் பறந்து, காயம்பட்டவங்க யாராவது இருக்காங்களான்னு ரேடியோவில் கேட்டுக்கிட்டே போவார். கூப்பிடுற வரைக்கும் காத்திருக்க மாட்டார், தேடிப் போவார். மேட் மேன் கெல்லின்னு பேர் வந்துச்சு. இது தைரியமா, முரட்டுத்தனமா? ஒவ்வொரு தடவையும் கூடப் போற மூணு பேர் உயிரும் அதுல இருக்கு. எனக்கும் இதுல குழப்பம் உண்டு. ஆனா அவங்களை அனுப்பிட்டு இவர் பின்னாடி நிக்கல, இவரும் கூடவே போனார்.

1964 ஜூலை 1. வின் லாங் பக்கத்தில் சண்டை நடக்கிற இடத்துக்கு காயம்பட்டவங்களை எடுக்க இறங்கினார். ஹெலிகாப்டருக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. உயரமும் இல்ல, வேகமும் இல்ல. குண்டு வர ஆரம்பிச்சதும், உடனே கிளம்பச் சொல்லி கீழே இருந்து ரேடியோவில் கத்தினாங்க. காயம்பட்டவங்க கைக்கு வந்ததும் கிளம்புறேன்னு அமைதியா பதில் சொன்னார். திறந்திருந்த கதவு வழியா வந்த ஒரே குண்டு அவர் நெஞ்சில் பாய்ஞ்சது. ஹெலிகாப்டர் சாய்ஞ்சு, ரோட்டார் தரையில் அடிச்சு நொறுங்குச்சு. மத்தவங்க பிழைச்சாங்க. கெல்லிக்கு வயசு 39.

அதுக்கப்புறம் சிவப்பு சிலுவையை கழட்டுற பேச்சு அடங்கிப்போச்சு. டஸ்ட் ஆஃப்ங்கிற பேர் அமெரிக்க ராணுவத்தோட மெடிக்கல் ஹெலிகாப்டர்களுக்கே பொதுப் பேர் ஆச்சு.

கெல்லிகிட்ட பயிற்சி எடுத்தவங்கள்ல ஒருத்தர் பாட்ரிக் பிராடி. கெல்லி இறந்த மறுநாள் ஒரு அதிகாரி அந்த குண்டை பிராடி முன்னாடி போட்டு, இனிமேலாவது இப்படிப் பறக்கிறதை நிறுத்துவீங்களான்னு கேட்டார். கெல்லி சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் பறப்போம்னு பிராடி சொன்னார். 1968 ஜனவரி 6 அன்னிக்கு ஒரே நாளில் மூணு ஹெலிகாப்டர் மாத்தி மாத்தி ஓட்டி 51 பேரை அவர் தூக்கிட்டு வந்தார்.