சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழுள் நாடகத் தமிழ் நலிவுற்றிருந்த காலத்தில் அதற்குப் புத்துயிர் அளித்த பெரியார் சங்கரதாஸ் சுவாமிகள். இவர் 1867-ஆம் ஆண்டில், அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். தந்தையார் தாமோதரக் கணக்கப் பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன்.

இளமையில் தந்தையாரிடமும், பின்னர்ப் புலவர் தண்டபாணி சுவாமிகளிடமும் சங்கரன் தமிழ் பயின்றார். செய்யுள் இயற்றுவதில் வல்லவரானார். உப்பளத்தில் கணக்கர் வேலையும் கிடைத்தது. கை கணக்கெழுதிற்று, நெஞ்சமோ நாடகத்தை நாடிற்று. ஆதலால், இருபத்து நான்காம் வயதில் அவ்வேலையைத் துறந்து நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய கடுமையான வேடங்களே அவருக்கு வாய்த்தன. அவர் மேடையேறினால் காண்போர் நடுங்குவர். ஒருநாள் இரவு சனீசுவரனாக நடித்தவர், வைகறையில் வேடத்தைக் களையக் குளக்கரைக்குச் சென்றார். துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி, மங்கிய ஒளியில் அவ்வுருவைக் கண்டு அஞ்சி வீழ்ந்து உயிர் துறந்தாள் என்பர். தம் கலையின் வெற்றியே ஓர் உயிருக்குக் கேடாயிற்றே என்று அவர் உள்ளம் நொந்தார். அன்று முதல் வேடம் புனைவதை விடுத்தார். கலையை விடுத்தாரல்லர், நாடகம் எழுதுவதையும் கற்பிப்பதையும் தம் பணியாகக் கொண்டார்.

இல்லறம் ஏற்காத சுவாமிகளுக்கு மாணவர்களே மக்கள். 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவர் ஆசிரியராக அமர்ந்தார். பின்னாளில் புகழ்பெற்ற தி. க. சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தாரும் அங்கே பயின்றனர். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சதி சுலோசனா முதலிய பல நாடகங்களைச் சுவாமிகள் இயற்றினார். சிறுவர்கள் நடித்தற்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார்.

இத்தகைய நாவலரைப் பக்கவாத நோய் பற்றியது. பல்லாயிரம் பேச்சுகளைப் பிறர்க்கு வகுத்தளித்தவர், தாமே பேச இயலாதவரானார். 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

மதுரைப் பகுதித் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடிக்கப்பெறுகிறது. வேடம் கலைத்தவரின் தமிழ் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை.