கடலைக் கரையேற்றியவர்: அடால்ப் சூட்ரோவின் வாழ்க்கை

கடல் காணாத நாடு நம் கொங்கு நாடு. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் கலக்கின்றனவே அன்றி, அவற்றுள் ஒன்றேனும் தானே சென்று கடலைத் தொடுவதில்லை. நீராட்டு என்றால் நமக்குப் பேரூர்ப் படித்துறையும் பவானிக் கூடுதுறையுமே நினைவுக்கு வரும். அத்தகைய மண்ணில் வாழும் நாம், உலகின் மறுகோடியில் பசிபிக் கடலோரம் இடிந்து கிடக்கும் ஒரு குளியல் மாளிகையையும் அதனைக் கட்டியவரையும் எண்ணிப் பார்ப்பது எதற்காக என்று சிலர் வினவலாம். அவர் துணி ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர், பாறையைக் குடைந்தவர், நீரோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றவர், நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். ஆலைகளும் ஆழ்கிணறுகளும் மிகுந்த கோவை மண்ணுக்கு அவர் முற்றிலும் அயலவர் ஆகார்.

அடால்ப் சூட்ரோ 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டின் ஆகன் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் தோன்றினார். ஆகன் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஊர். உரோமானியர் நீராடிய ஊற்றுகள் அவை. பேரரசர் சார்லமேன் அவ்வூரைத் தம் இருப்பிடமாகத் தேர்ந்ததற்கும் அவ்வூற்றுகள் ஒரு காரணம் என்பர். சூட்ரோவின் தந்தையார் அங்கே துணி ஆலை நடத்தியவர். தந்தையார் மறைந்தபின் குடும்பம் நலிவுற்றது. 1850இல் அனைவரும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். தாயும் உடன்பிறந்தோரும் கீழைக் கரையில் தங்க, இருபது வயது இளைஞரான அடால்ப் மட்டும் பொன் வேட்டையின் பரபரப்பில் இருந்த சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார். பொன்னைத் தோண்டப் போகாமல் சுருட்டும் புகையிலையும் விற்றுச் சில ஆண்டுகளைக் கழித்தார்.

சுரங்கம்

1859இல் நெவாடா மலைப்பகுதியில் காம்ஸ்டாக் என்னும் பெரும் வெள்ளிப் படுகை கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே சூட்ரோ அங்குச் சென்றார். கனிக்கல்லை அரைத்து வெள்ளி பிரிக்கும் ஆலை ஒன்றை அமைத்தார். அங்கே அவர் கண்ணில் பட்டது வெள்ளியைவிடத் தொழிலாளர் படும் பாடுதான். ஆழம் செல்லச் செல்லக் கொதிநீர் பீறிட்டது. வெப்பம் தாங்க முடியாததாயிற்று. நச்சுக் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. மலையின் அடிவாரத்திலிருந்து கிடைமட்டமாக ஒரு சுரங்கவழி குடைந்தால் நீர் தானே வடியும், காற்று உள்ளே புகும், ஆபத்து நேர்ந்தால் ஆட்கள் வெளியேறவும் வழி இருக்கும் என்று அவர் கண்டார்.

கவலை கட்டி நீர் இறைத்த நம் முன்னோர் ஒரு சொட்டு நீருக்காகப் பாறையைப் பிளந்தனர். இவரோ நீரை வெளியேற்றுவதற்காகப் பாறையைப் பிளக்கத் துணிந்தார். 1866இல் அமெரிக்கப் பேரவை அதற்குச் சட்டம் இயற்றித் தந்தது. ஆனால் சுரங்கங்களைத் தன் கைக்குள் வைத்திருந்த கலிபோர்னிய வங்கி, தன் ஆதிக்கம் குலையும் என அஞ்சி, முதலீடு கிடைக்காதவாறு தடுத்தது. 1869 ஏப்ரலில் எல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில் தீப்பிடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூட்ரோ நேரே தொழிலாளரிடம் சென்று முறையிட்டார். அவர்களுடைய சங்கம் அளித்த பணத்தைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபரில் முதல் மண்வெட்டி விழுந்தது. ஒன்பது ஆண்டு உழைப்புக்குப் பின், 1878 சூலையில், ஏறத்தாழ நான்கு மைல் நீளமுள்ள அவ்வழி சுரங்கங்களைத் தொட்டது.

அதற்குள் காம்ஸ்டாக்கின் செல்வம் வற்றத் தொடங்கிவிட்டது. சூட்ரோ தம் பங்குகளை உரிய காலத்தில் விற்றுவிட்டுப் பெரும் பொருளுடன் சான் பிரான்சிஸ்கோ திரும்பினார். அவரை நம்பிப் பங்குகளை வைத்திருந்தோர் பலர் இழப்புற்றனர் என்பதையும் நடுநிலையாளர் மறைத்தலாகாது.

குளியல் மாளிகை

திரும்பியவர் நிலம் வாங்கினார். நகரின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு அவர் உடைமையாக இருந்தது எனக் கணக்கிடுவர். மணல்மேடாகக் கிடந்த மேற்குப் பகுதியில் தைல மரங்களை ஆயிரக்கணக்கில் நட்டார். நீலகிரியில் ஆங்கிலேயர் கொணர்ந்து நட்ட அதே ஆஸ்திரேலிய மரம்! கடலை நோக்கிய குன்றின்மேல் தம் இல்லத்தை அமைத்து, அதன் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். குன்றின் அடியில் கடற்பாறைகளுக்கிடையே குளியல் மாளிகையை எழுப்பினார். 1896 மார்ச்சில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அதன் அமைப்பு வியப்புக்குரியது. அலை எறியும் நீரைப் பாறைக் குடைவில் தேக்கி, மண் படியவிட்டு, வாய்க்கால் வழியே குளங்களுக்குச் செலுத்தினர். கடலே நீர் இறைக்கும் ஆளாயிற்று. ஓதம் தாழ்ந்த வேளையில் மட்டும் பொறிகள் இயங்கின. உப்பு நீர்க் குளங்கள் ஆறு, நன்னீர்க் குளம் ஒன்று, ஆக ஏழு. கொள்ளளவு ஏறத்தாழ 17 இலட்சம் காலன். பெரிய குளத்தில் கடலின் இயல்பான குளிர்ச்சி; பிறவற்றில் வெவ்வேறு அளவில் சூடேற்றிய நீர். மேலே இரும்புச் சட்டங்களில் கண்ணாடிக் கூரை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உடை மாற்றும் அறைகள். வாடகைக்கு 20,000 நீராட்டு உடைகள், 40,000 துண்டுகள். பத்தாயிரம் பேர் ஒரே வேளையில் கூடலாம். சூட்ரோ தம் பயணங்களில் திரட்டிய எகிப்திய மம்மி முதலிய அரும்பொருள்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன.

வேடிக்கை பார்க்கப் பத்து சென்ட், நீராட இருபத்தைந்து சென்ட் என்பது கட்டணம். உழைக்கும் மக்கள் வரவேண்டும் என்பதே அவர் விருப்பம். கடற்கரைக்குச் செல்லும் தடத்தைக் கையில் வைத்திருந்த சதர்ன் பசிபிக் இரயில் நிறுவனம் இரட்டைக் கட்டணமாகப் பத்து சென்ட் வாங்கியபோது அவர் கொதித்தெழுந்தார். ஐந்து சென்ட்டில் மக்களைக் கொண்டுசேர்க்கத் தாமே ஒரு மின் இரயில் தடத்தை அமைத்தார். அப்போராட்டமே அவரை 1894இல் மக்கள் கட்சியின் சார்பில் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்க வைத்தது. 1895 முதல் 1897 தொடக்கம்வரை அவர் அப்பதவியில் இருந்தார். தனி ஆளாக ஆணையிட்டுப் பழகியவருக்கு மன்றத்தைக் கூட்டி இணக்கமாக நடத்தும் கலை கைவரவில்லை.

பொது என்னும் சொல்

சூட்ரோவின் பெருமைக்கு நிழலாய் விழும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1897 சூலையில் ஜான் ஹாரிஸ் என்னும் கறுப்பினத்தவர் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு அம்மாளிகைக்குள் சென்றார். நீரில் இறங்க அவருக்கு இசைவு மறுக்கப்பட்டது. மறுமுறை சென்றபோதும் அதே மறுப்பு. பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்னும் கலிபோர்னியச் சட்டம் அவ்வாண்டுதான் இயற்றப்பட்டிருந்தது. ஹாரிஸ் வழக்கு மன்றம் ஏறினார். 1898இல் வென்றார். கிடைத்த இழப்பீடு நூறு டாலர்.

இரயில் கட்டணத்தில் ஐந்து சென்ட் குறைக்கப் போராடியவரின் குளத்தில், நிறம் காரணமாக ஒருவர் கரையிலேயே நிறுத்தப்பட்டார்! இதைப் படித்து அமெரிக்கரை இகழ நமக்குத் தகுதி உண்டா? நம் ஊர்களில் கிணறும் குளமும் எத்தனை பேருக்கு விலக்கப்பட்டிருந்தன என்பதை நாம் அறிவோம். ஈரோட்டுப் பெரியார் வைக்கத்தின் தெருக்களுக்காக 1924இல் சிறை புகுந்தார். அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாத் குளத்து நீரைக் கையில் அள்ளினார். அவர்களுக்கு ஒரு தலைமுறை முன்னரே, பெயர் பரவாத ஹாரிஸ் ஒரு குளத்தின் வாயிலில் நின்று அதே கேள்வியை எழுப்பிவிட்டார். மாளிகையைக் கட்டியவர் சூட்ரோ. அதைப் பொது மாளிகை ஆக்க முனைந்தவர் ஹாரிஸ்.

எஞ்சியவை

வழக்கு முடிந்த அதே 1898இல், அறிவுத் தெளிவு குன்றிய நிலையில், ஆகஸ்டு 8ஆம் நாள் சூட்ரோ காலமானார். அவர் விட்டுச்சென்றவற்றுள் இலக்கிய அன்பர் நெஞ்சைத் தொடுவது அவருடைய நூல் தொகுதி. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை ஐரோப்பாவிலும் மெக்சிகோவிலும் அவர் வாங்கிக் குவித்திருந்தார். நகருக்கு ஒரு பொது நூலகம் அமைப்பது அவர் கனவு. கட்டடம் எழும்பவில்லை, மரபுரிமை வழக்குகள் நீண்டன, நூல்கள் கிடங்குகளில் உறங்கின. 1906 ஏப்ரலில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்த பெருந்தீயில் பாதிக்கும் மேற்பட்டவை சாம்பலாயின. பதினைந்தாம் நூற்றாண்டில் அச்சான அரிய நூல்களில் பெரும்பாலானவை அழிந்தன. வேறோர் இடத்தில் இருந்தவை பிழைத்தன. அவற்றை 1913இல் வாரிசுகள் மாநில நூலகத்துக்கு வழங்கினர். இன்று சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயராலேயே அவை பயன்படுகின்றன.

குளியல் மாளிகையின் முடிவும் தீயே. பராமரிப்புச் செலவு பெருகப் பெருக நீராடுவோர் குறைந்தனர். 1930களில் அதன் ஒரு பகுதி பனிச்சறுக்கு அரங்கானது. அடுக்குமாடி வீடுகள் கட்டும் நோக்கில் 1966இல் அதனை இடித்துக்கொண்டிருந்தபோது, சூன் 26இல் தீப்பற்றி எஞ்சியதும் எரிந்தது. வீடுகள் எழவில்லை. அவ்விடம் தேசியப் பூங்காவின் பகுதியாயிற்று. குளங்களின் சுவர்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. அவற்றில் தேங்கிய நீரில் பறவைகள் நீராடுகின்றன. இப்போது அங்கே நுழைவுச் சீட்டு இல்லை. எவரும் சென்று சுவரருகே நிற்கலாம்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தார்க்கு இவ்வாழ்க்கை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. சேர்த்த நூலைக் கட்டிவைத்துக் காலம் தாழ்த்தினால் தீ முந்திக்கொள்ளும். ஆதலின் உடனே படிப்போர் கையில் கொடுக்க வேண்டும். பொது என்று பெயரிட்டுத் திறந்த வாயிலில், உள்ளே விடப்படாமல் எவரேனும் நிற்கின்றாரா என்று அவ்வப்போது எட்டிப் பார்க்கவும் வேண்டும். சூட்ரோ முன்னதற்குக் காலம் பெறவில்லை, பின்னதில் தவறினார். நம் முன் இன்னும் காலம் இருக்கிறது.