ஒன்பது பிள்ளைகளின் தாய்: புனித செலி மார்ட்டின்

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே அரிது. கையில் சிலுவையும் ரோஜா மலர்களும் ஏந்திய அவருடைய சுரூபம் எத்தனையோ ஆலயங்களில் இருக்கிறது. நம் பெண் பிள்ளைகள் பலர் அவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறுமலரைப் பெற்று வளர்த்த தாயைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. அவர்தான் புனித செலி மார்ட்டின். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களுள் நால்வரைச் சிறுவயதிலேயே கல்லறைக்கு அனுப்பியவர். தொழில் நடத்திக் குடும்பத்தைத் தாங்கியவர். 45 வயதில் புற்றுநோயால் இறந்தவர். இல்லற மகிழ்ச்சியைப் பற்றி இவரிடம் நாம் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

இது நமக்கு அந்நியமான கேள்வி அல்ல. ஜவ்வாது மலையடிவாரத்தில், கமண்டல நாகநதி பாயும் படவேடு பகுதியில், பொழுது விடியுமுன் எழும் தாய்மார்களை நாம் அறிவோம். சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பி, பூப்பறிக்கவோ நாற்று நடவோ வாழைத் தோட்டத்திற்கோ போகிறார்கள். ஆரணிப் பக்கம் போனால், வீட்டிற்குள்ளேயே பட்டுத்தறியின் ஓசையோடு குழந்தையின் அழுகையும் கேட்கும். குடும்பம் மகிழ்ச்சியின் இல்லம் என்று நாம் மறையுரையில் சொல்லும்போது, களைத்துப்போன அந்த முகங்களுக்கு அது எப்படிக் கேட்கும்? பதிலை ஒரு துறவியின் வாழ்விலிருந்து அல்ல, அவர்களைப் போலவே உழைத்த ஒரு தாயின் வாழ்விலிருந்து தேடுவோம்.

மூடிய கதவும் திறந்த வழியும்

செலி குவெரின் 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று பிரான்ஸ் நாட்டின் நார்மண்டிப் பகுதியில், அலான்சோன் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை படைவீரராக இருந்து பின்னர் காவல் பணி செய்தவர். தாய் மிகவும் கண்டிப்பானவர். தம் இளமைப் பருவம் துயரமானது என்றும், விளையாட ஒரு பொம்மைகூடக் கிடைக்கவில்லை என்றும் செலி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அன்பு தாராளமாகக் கிடைக்காத வீட்டில் வளர்ந்தவர்தான், பின்னாளில் அன்பு நிறைந்த ஓர் இல்லத்தைக் கட்டினார். நாம் வளர்ந்த விதமே நம் பிள்ளைகளின் தலைவிதியாக வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

இளம் வயதில் செலி துறவியாக விரும்பினார். நோயாளிகளுக்குப் பணிசெய்யும் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புச் சகோதரிகளின் சபையில் சேரக் கேட்டார். மடத்தின் தலைவி ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படியானால் பல பிள்ளைகளைத் தரும்படியும், அவர்கள் எல்லாரையும் தமக்கே அர்ப்பணமாக்கிக்கொள்ளும்படியும் அவர் இறைவனை வேண்டினார்.

1851-ஆம் ஆண்டு அமல உற்பவப் பெருவிழாவன்று, அந்த நகரின் புகழ்பெற்ற லேஸ் பின்னலைத் தொழிலாகக் கொள்ளவேண்டும் என்ற தூண்டுதலைத் தம் உள்ளத்தில் உணர்ந்தார். ஊசியாலும் மெல்லிய நூலாலும் மட்டுமே செய்யப்படுவது அலான்சோன் லேஸ். ஒரு சதுர சென்டிமீட்டர் பின்ன ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். 2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இக்கலையை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. செலி சொந்தமாகத் தொழில் தொடங்கிப் பல பெண்களுக்கு வேலை கொடுத்தார். அவர்கள் தத்தம் வீடுகளில் சிறு சிறு துண்டுகளாகப் பின்னி, வியாழக்கிழமைதோறும் கொண்டுவந்து தருவார்கள். இணைப்புத் தெரியாதபடி அத்துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பதே மிகக் கடினமான வேலை. அதைச் செலி தாமே செய்தார்.

இதேபோல் லூயி மார்ட்டின் என்ற இளைஞரும் மலைமீதிருந்த ஒரு துறவு மடத்தில் சேர விரும்பி, இலத்தீன் மொழி தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். அலான்சோனில் கடிகாரக் கடை வைத்திருந்த அவரைச் செலி ஒரு பாலத்தின் மேல் கண்டார். சில மாதங்களிலேயே, 1858 ஜூலை 13 அன்று, அவர்களுக்குத் திருமணம் நடந்தது. இருவருக்குமே துறவு மடத்தின் கதவு மூடப்பட்டிருந்தது. இல்லறம் என்பது துறவறத்திற்குத் தகுதியற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டாம் தர வாழ்வு அல்ல, அதுவும் முழுமையான இறையழைத்தல் என்பதை அவர்கள் வாழ்ந்தே காட்டினார்கள்.

வீடு நிறைந்த பிள்ளைகள்

1860 முதல் 1873 வரை அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். மரியா, பவுலின், லியோனி, எலேன், சிறுவயதிலேயே இறந்த இரண்டு யோசேப்புகள், செலின், மெலானி தெரேசா, கடைசியாகத் தெரேசா. பிள்ளைகளுக்காகவே தாம் பிறந்ததாகச் செலி உணர்ந்தார். அதிகாலைத் திருப்பலிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போவார்கள். பின்னர் தொழில், சமையல், தையல், நோயுற்ற பிள்ளைக்குக் கண்விழிப்பு. எல்லாரும் உறங்கிய பிறகும் செலியின் ஊசி ஓய்வதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செலி களைப்பே அறியாத புனிதர் அல்லர். 1863 முதல் 1877 வரை அவர் குடும்பத்தாருக்கு எழுதிய இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அந்த லேஸ் தொழில் தம் வாழ்வையே கடினமாக்குகிறது என்று அவற்றில் அலுத்துக்கொள்கிறார், கவலைப்படுகிறார், ஓய்வுக்கு ஏங்குகிறார். அடுத்த பத்தியிலேயே ஒரு பிள்ளையின் சேட்டையைச் சொல்லிச் சிரிக்கிறார். களைப்பும் மகிழ்ச்சியும் ஒரே வீட்டில், ஒரே நாளில் குடியிருக்க முடியும் என்பதை அக்கடிதங்கள் காட்டுகின்றன. ஆகவே களைத்துப்போகும் தாய்மார்கள் தங்கள் விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

அந்த வீட்டில் மகிழ்ச்சி தானாக வந்துவிடவில்லை. அதற்கென்று நேரம் ஒதுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விற்பனை அதிகம் நடக்கும் நாளாயிருந்தும் லூயி தம் கடையைத் திறக்கவில்லை. அன்று குடும்பம் முழுவதும் ஆலயத்திற்குப் போகும். மாலையில் வயல்வெளியில் உலா. லூயி பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டினார், சிறு பொம்மைகள் செய்து கொடுத்தார். இரவில் எல்லாரும் கூடிச் செபித்தார்கள். ஏழைகளுக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது. வழியில் கண்ட ஆதரவற்ற முதியவர் ஒருவரை அழைத்துவந்து உணவு கொடுத்து, முதியோர் இல்லத்தில் இடம்பெற உதவினார்கள். பிள்ளைகள் பிறரன்பைப் பெற்றோரைப் பார்த்தே கற்றார்கள்.

ஆண்களே, இதையும் கேளுங்கள். மனைவியின் தொழில் பெருகியபோது, 1870-இல் லூயி தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு அவருக்குத் துணையாக வந்தார். கணக்குப் பார்ப்பதும், பாரிஸ் சென்று வணிகர்களைச் சந்திப்பதும் அவர் பொறுப்பாயின. மனைவியின் வேலைக்காகத் தம் தொழிலை விட்டதை அவர் இழிவாகக் கருதவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஓர் ஆண் இதைச் செய்தார். இன்று நம் வீடுகளில், ஒரு குடம் தண்ணீர் பிடித்துவைப்பதையும் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொள்வதையும் எத்தனை பேர் தங்கள் வேலையாக நினைக்கிறோம்? சுமை ஒருவர் தோளிலும் மகிழ்ச்சி மற்றவர் பங்கிலும் இருந்தால் அது கிறிஸ்தவ இல்லறம் ஆகாது.

நான்கு கல்லறைகள்

இரண்டு ஆண் குழந்தைகளும் ஓராண்டைக்கூட நிறைவு செய்யவில்லை. ஒருவராவது குருவாகி மறைப்பணிக்குச் செல்வார் என்று அந்தத் தாய் கனவு கண்டிருந்தார். 1870 பிப்ரவரியில் ஐந்து வயது எலேன் இறந்தாள். அதே ஆண்டு அக்டோபரில், பாலூட்டுவதற்காக ஒப்படைக்கப்பட்ட இடத்தில் சரியான கவனிப்பின்றி, இரண்டு மாதக் குழந்தை மெலானி தெரேசாவும் இறந்தாள். இந்தப் பிள்ளைகள் பிறக்காமலே இருந்திருக்கலாமே என்று சிலர் அவருக்கு ஆறுதல்போலச் சொன்னார்கள். அந்தப் பேச்சைச் செலியால் ஏற்க முடியவில்லை. தம் பிள்ளைகளின் நிலையான பேரின்பத்தோடு ஒப்பிட்டால் தாம் பட்ட துன்பம் பெரிதல்ல என்றும், அவர்களை மேலே மீண்டும் காண்போம் என்றும் அவர் நம்பினார். அழுதார், ஆனால் அவர்கள் பிறந்ததற்காக ஒருநாளும் வருந்தவில்லை.

பிள்ளையை இழந்த தாய்மார்கள் நம் பங்குகளிலும் உண்டு. கருவிலேயே இழந்தவர்கள், பிறந்த சில நாள்களில் இழந்தவர்கள் அதைப்பற்றிப் பேசவும் ஆளின்றி இருக்கிறார்கள். அவர்களுக்குச் செலி ஒரு சகோதரி.

உயிரோடிருந்த பிள்ளைகளுள் லியோனியை வளர்ப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. அடிக்கடி நோய், படிப்பில் மந்தம், கட்டுக்கடங்காத பிடிவாதம். உறவினரான துறவியின் பள்ளியிலிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டாள். தாய் அவளுக்காக எவ்வளவோ கலங்கினார். 1877-இல்தான் உண்மை வெளிவந்தது: வீட்டுப் பணிப்பெண் அச்சிறுமியை யாருக்கும் தெரியாமல் மிரட்டி அடக்கி வைத்திருந்தாள். நோயின் கடைசி மாதங்களில் இருந்த தாய், அம்மகளைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். லியோனியின் மனம் மெல்ல மெல்லத் திறந்தது. நம் வீட்டில் முரண்டு பிடிக்கும் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் திட்டுவதற்குமுன், அவன் அல்லது அவள் சொல்ல முடியாமல் தவிக்கும் பயம் ஏதேனும் உண்டா என்று கேட்போமா?

விதை விழுந்த நிலம்

செலியின் மார்பில் இருந்த கட்டி குணப்படுத்த முடியாத நிலையை அடைந்துவிட்டதை 1876 டிசம்பரில் மருத்துவர் தெரிவித்தார். 1877 ஜூனில் மூத்த மகள்கள் மூவருடன் லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றார். குணம் கிடைக்கவில்லை. ஆனாலும் அமைதியுடன் வீடு திரும்பி, தம்மால் முடிந்தவரை உழைத்தார். ஆகஸ்ட் 28 அன்று இறைவனடி சேர்ந்தார். கடைசி மகள் தெரேசாவுக்கு அப்போது நான்கரை வயது.

லூயி பிள்ளைகளோடு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய கடைசி ஆண்டுகள் நோயின் சிலுவையில் கழிந்தன, 1894-இல் காலமானார். ஐந்து மகள்களும் துறவிகளானார்கள். நால்வர் லிசியே கார்மெல் மடத்தில். பலமுறை முயன்று தோற்ற லியோனி, 1899-இல் கான் நகரிலுள்ள விசிட்டேஷன் மடத்தில் நிலைபெற்றார். இன்று அவரையும் புனிதராக்கும் படிகள் நடைபெறுகின்றன. தெரேசா 1925-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1927-இல், மடத்தைவிட்டு மறைப்பணிக்கென வெளியே போகாத அவரையே திருச்சபை மறைப்பணிகளின் பாதுகாவலியாக்கியது. மறைப்பணியாளராக ஒரு மகன் வேண்டும் என்ற தாயின் மன்றாட்டை இறைவன் மறந்துவிடவில்லை.

லூயியும் செலியும் 2008 அக்டோபர் 19 அன்று அருளாளர்களாகவும், 2015 அக்டோபர் 18 அன்று குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்த நாள்களில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதர்களாகவும் உயர்த்தப்பட்டார்கள். அவர்களுடைய திருவிழா ஜூலை 12. மகளின் புகழுக்காகப் பெற்றோருக்குக் கிடைத்த பரிசு அல்ல அது. இல்லறத்தில் அவர்கள் வாழ்ந்த புனிதத்தையே திருச்சபை ஏற்றுப் போற்றியது.

அன்புக்குரியவர்களே, பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து இறைவன் குடும்பங்களை அளப்பதில்லை. ஒரு பிள்ளை உள்ள வீடும், ஆறு பிள்ளைகள் உள்ள வீடும், பிள்ளைக்காக ஏங்கும் வீடும் அவருக்கு ஒன்றே. செலி நமக்குச் சொல்வது இதுதான்: இல்லற மகிழ்ச்சி என்பது துன்பம் இல்லாத வீட்டில் கிடைக்கும் ஓய்வு அல்ல; ஒவ்வோர் உயிரையும் இறைவனின் கொடையாக ஏற்று, பிரிந்து கிடக்கும் துண்டுகளைப் பொறுமையாக இணைப்பதில் பிறப்பது. சோறு வடிப்பதும் பாடம் சொல்லிக் கொடுப்பதும் சண்டையை விலக்குவதும் அந்தப் பின்னலின் சிறு சிறு தையல்களே. முழு வேலைப்பாட்டை நாம் காணாமல் போகலாம். அதைப் பின்னுகிறவர் காண்கிறார்.

நாசரேத்தின் எளிய இல்லத்தில் வளர்ந்த ஆண்டவரே, எம் மலையடிவாரக் குடிசைகளிலும் மாடி வீடுகளிலும் நீர் தங்கியருளும். உழைத்துக் களைத்த தாய்மாருக்குத் துணையையும், தந்தையருக்குப் பொறுப்பையும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பையும் தாரும். புனித லூயி, புனித செலி, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.