டில்லியை ஆண்ட பெண்ணரசி

டில்லி சுல்தான் இல்துத்மிஷ், தம் புதல்வர்களைவிட மகள் ரசியாவே ஆளத் தகுந்தவள் எனக் கண்டார். 1236-இல் அவர் மறைந்ததும் பிரபுக்கள் அதை மதியாமல் மகன் ருக்னுத்தீனை அரியணை ஏற்றினர். அவனோ கேளிக்கையில் மூழ்கினான். ரசியா டில்லி மக்களிடமே நேரில் முறையிட்டாள். சில மாதங்களில் அவர்கள் ஆதரவால் அரசியானாள்.

முகத்திரையை நீக்கி, ஆண் உடை அணிந்து, யானைமீது அமர்ந்து மக்கள் முன் வந்தாள். துருக்கியப் பிரபுக்களுக்கு இது பொறுக்கவில்லை. அபிசீனியரான யாகூத்துக்கு அவள் உயர்பதவி அளித்ததும் சினம் மூண்டது. 1240-இல் கலகம் செய்து யாகூத்தைக் கொன்றனர், ரசியாவைச் சிறையிலிட்டனர். சிறைவைத்த பட்டிண்டா ஆளுநர் அல்தூனியாவையே மணந்து, படை திரட்டி டில்லியை நோக்கி வந்தாள். தோற்று, அவ்வாண்டே கொல்லப்பட்டாள்.

அரசருக்குரிய பண்புகள் அனைத்தும் அவளிடம் இருந்தும், ஆணாகப் பிறவாததால் பயனற்றுப் போயின என்று அக்கால வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் எழுதினார். குறை பிறப்பிலா, பார்த்தவர் கண்ணிலா? தோழியரே, சிந்திப்போம்!