கணக்கர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர்: இரட்டைமலை சீனிவாசன் கற்ற தொழில்கள்

காலையில் செஞ்சி பேருந்து நிலையத்தில் நின்றால் நம் பிள்ளைகள் பலரைப் பார்க்கலாம். சிலர் திண்டிவனம், விழுப்புரம் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள். சிலர் பட்டம் வாங்கிவிட்டுச் சென்னைக்கு வேலை தேடிப் போகிறவர்கள். படித்த படிப்பு ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று என்ற வருத்தம் பல வீடுகளில் இருக்கிறது.

சென்னைக்குப் போகும் வழியில்தான் மதுராந்தகம். அந்தப் பகுதியைச் சேர்ந்த கோழியாளத்தில் சுமார் 165 ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். உரிமைப் போராளியாக அவரை நாம் அறிவோம். படிப்பு முடிந்தபின் அவர் பார்த்த வேலைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அவர் படித்தது கோவையில். அங்கே சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாருடனும் பழகாமல், மணி அடிக்கும்வரை வெளியே இருந்து படித்துவிட்டு உள்ளே போவார். வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு விரைவார். 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

படித்து முடித்ததும் நீலகிரியில் கணக்கர் வேலை. சுமார் பத்தாண்டுகள் வரவு செலவு எழுதினார். பட்டியல் சமூகத்துப் பிள்ளைக்குப் பள்ளியே எட்டாத காலத்தில் அது சாதாரண வேலையல்ல. வேறொருவராக இருந்தால் அதிலேயே நிறைவடைந்திருப்பார். சீனிவாசன் 1890இல் சென்னைக்கு வந்தார்.

1893 அக்டோபரில் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பறையன்'. பள்ளியில் எந்தப் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று ஒதுங்கி நின்றாரோ, அந்தப் பெயரையே தலைப்பில் அச்சிட்டார். மாத இதழாக வந்தது சில மாதங்களிலேயே வார இதழானது. 1900 வரை அதை நடத்தினார்.

பத்திரிகை தொடங்கிய 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நம் மக்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லாதபோது, அந்தத் தேர்வால் உயர்சாதியினரே அதிகாரிகளாவார்கள் என்று அவர் கணித்தார். 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கி இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு எதிர்ப்பு மனு அனுப்பினார்.

1900இல் இலண்டன் போகும் எண்ணத்தோடு கப்பலேறியவர் தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானார். ஒரு சொல் தவறினாலும் ஏழைத் தொழிலாளி தண்டனை பெறக்கூடிய வேலை அது. சட்டத்தின் மொழியோடு அங்கே நாள்தோறும் பழகினார்.

ஊர் திரும்பிய அவர் 1923இல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு சேர்ந்து நம் குரலை ஒலித்தார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

கணக்கு, எழுத்து, மொழிபெயர்ப்பு என்று அவர் பார்த்த வேலைகளில் எதுவும் வீண்போகவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஆதாரத்தோடு பேசவும், மனு எழுதவும், தீர்மானம் வரையவும் பட்டம் மட்டும் போதாது. வேலையில் தேறிய கையும் வேண்டும்.

கிடைத்த முதல் வேலை சிறியதே என்று நம் பிள்ளைகள் சோர்ந்துவிட வேண்டாம். அதைக் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். அதிலேயே தேங்கியும் விடாதீர்கள். ஊரில் ஒரு மனு எழுத, ஒரு கணக்கைக் கேட்க ஆள் தேவைப்படும்போது, நீங்கள் கற்ற தொழில் நம் தெருவுக்கும் பயன்படட்டும்.